ஒரே பாத்திக் கிழங்கு

குன்னத்துக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் மக்காச்சோளமும் பருத்தியும்தான். அதன் நடுவே பரிமளா தண்ணீர்விட்டான் கொடி போட்டபோது ஊர் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவும், மாதவிலக்குக் கோளாறுக்கும் கொடுக்கிற கிழங்கு அது. ஒவ்வொரு தூருக்கும் கீழே வெள்ளை விரல்களாகக் கொத்துக் கொத்தாய் இறங்கும். நாற்றுக் கொடுத்த மருந்துக் கம்பெனி, சோதித்துப் பார்த்து விளைச்சலைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. கணவன் அய்யம்பெருமாள் விடிந்ததும் ரெட்டிபாளையத்துக்கு சிமெண்டு மூட்டை ஏற்றப் போய்விடுவான். களை எடுத்ததும் முள்ளில் கை கிழிந்ததும் பரிமளாதான்.

கொடி நன்றாகப் படர்ந்த பிறகு ஹேமலதா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் திருச்சியிலிருந்து வந்தாள். சில தூர்களில் எண் போட்ட தகர வில்லையைக் கட்டிவிட்டு, இலையும் கொஞ்சம் கிழங்கும் எடுத்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே செடிதானேம்மா, இதுல என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"ஒண்ணுதானான்னு பாக்கத்தாங்க்கா வந்திருக்கேன்" என்று சிரித்தாள் அவள்.

அந்தச் சமயம் எதிர் வீட்டுக் கலையரசி குழந்தை பெற்று, பால் சுரக்காமல் தவித்தாள். பரிமளா ஒரு தூரைத் தோண்டி, தோல் சீவி, நடு நரம்பை உருவிவிட்டு, பாலில் வேகவைத்துக் கொடுத்தாள். சில நாளில் கலையரசியின் ரவிக்கை நனைந்தது. "அக்கா, ஒங்க கை ராசி" என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். பரிமளாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அறுவடைக்கு ஆள் விட்டாள். தோண்டிய கிழங்கெல்லாம் களத்தில் ஒரே குவியலாகக் காய்ந்தது. தகர வில்லைகளை ஆட்கள் பிய்த்து எறிந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறு நடவுக்கென்று, கிழங்கை வெட்டியபின் மிஞ்சிய தூர்க்கொண்டைகளைக் கலந்தபடியே வேலியோரம் ஊன்றினாள்.

மகள் ஆர்த்திக்குப் பெரம்பலூரில் பெண் குழந்தை பிறந்தது. தாய் வீட்டுக்கு வந்த பிறகும் பால் இல்லை. பரிமளா அசரவில்லை. குவியலிலிருந்து அள்ளி வந்து பொடித்துக் காய்ச்சினாள். காலையும் மாலையும் கொடுத்தாள். குழந்தை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்து வீறிட்டது. இன்னும் கெட்டியாகக் காய்ச்சினாள்.

"போதும்மா, கொமட்டுது. எனக்கு வரல, வுட்டுரு" என்று ஆர்த்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழந்தையின் எடை குறைந்துவிட்டது என்று டாக்டரம்மா மாவுப்பாலுக்குச் சீட்டு எழுதினார். புட்டிப் பாலைக் குழந்தை மடக் மடக்கென்று குடித்தது. பார்க்க முடியாமல் பரிமளா அடுப்படிக்குள் போனாள்.

அந்த வாரமே கம்பெனி ஆள் தமிழழகன் வந்தான். "சரக்கு எடுக்க முடியாதுங்க. மருந்துச் சத்து ரொம்பக் கம்மியா வந்திருக்கு."

"தண்ணி கொறச்சலா? எரு பத்தலியா? நான் என்ன தப்புப் பண்ணேன், சொல்லுங்க."

"நீங்க ஒண்ணும் பண்ணலிங்க. நாத்தே அப்படி" என்றான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

ஹேமலதாவுக்குப் போன் செய்தாள். அவள் பஸ் ஏறி வந்து, களத்து மேட்டில் உட்கார்ந்து சொன்னாள். இந்த நாற்று விதையில் வந்தது. அதனால் ஒவ்வொரு செடியும் உள்ளுக்குள் வேறு வேறு. பக்கத்துப் பக்கத்துத் தூர்தான், ஒன்றில் சத்து ஏராளம், அடுத்ததில் பேருக்குக்கூட இல்லை. கண்ணால் பார்த்தோ தின்று பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது.

"ஒங்க காட்டுல நாலஞ்சு தூர் அபாரங்க்கா. அதப் பிரிச்சு நட்டா அப்படியே வரும். ரிசல்ட் இப்பத்தான் கைக்கு வந்துச்சு. அந்த வில்லை கட்டின தூரெல்லாம்..."

பரிமளா வேலியோரத்தைக் காட்டினாள். எல்லாம் ஒரே மாதிரித் துளிர்விட்டிருந்தன.

"திரும்ப ஒருக்கா பாத்துச் சொல்லும்மா."

"திட்டம் முடிஞ்சிருச்சுங்க்கா. சத்து பாக்குற மெஷினு இப்ப என் கையில இல்ல." ஹேமலதா தலை குனிந்துகொண்டாள்.

"அப்ப கலையரசிக்கு நல்ல தூரு போச்சு, எம் பொண்ணுக்குச் சொத்தையா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. அவங்களுக்குத் தானாவே ஊறியிருக்கலாம். ஆர்த்திக்கு எதக் குடுத்திருந்தாலும் வராமப் போயிருக்கலாம். எனக்குத் தெரியல."

கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருந்தால் பரிமளாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எதிரே இருந்த பெண்ணோ அழுதுவிடுவாள் போலிருந்தது. மோர் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பினாள்.

கடைசியில் நாட்டுமருந்து வியாபாரி சின்னதுரை வண்டி கொண்டுவந்து குவியலை அள்ளினார். வண்டியில் வேறு ஊர்க் கிழங்கு ஏற்கெனவே கிடந்தது. அதன் மேலேயே கொட்டினார்கள்.

"இதுல சத்து இல்லேங்கறாங்களே. குடிக்கிறவளுக்குப் பால் வராட்டி?"

"எல்லாம் ஒண்ணா அரைச்சுப் பொடியாப் போயிரும்மா. எந்த ஊருக்குப் போவுதுன்னு எனக்கே தெரியாது."

கொஞ்சத்தை மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்று நினைத்தாள். எதை நிறுத்துவது? வண்டி தார்ரோட்டில் ஏறிப் போயிற்று.

வீட்டுக்குள் ஆர்த்தி குழந்தையை மார்பில் போட்டுச் சும்மா வைத்திருந்தாள். பால் இல்லாவிட்டாலும் அது சப்பிக்கொண்டே தூங்கியிருந்தது.

"எடுக்காதம்மா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

பரிமளா புட்டியைக் கழுவ வெந்நீர் வைத்தாள்.