தோழியின் வலது கண்

எங்கள் கல்லூரி அரசாங்கத்துடையது. வெகுகாலம் இரண்டு வருட டிப்ளமாவாக இருந்த கண் பரிசோதனைப் படிப்பை அப்போதுதான் நான்கு வருடப் பட்டமாக்கியிருந்தார்கள். பெயர்தான் மாறியது, வகுப்பு என்னவோ ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பழைய மருந்துக் கிடங்கில்தான். காலையில் வருகிறவர்களுக்குக் கண்ணாடி பவர் பார்ப்போம். "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு மதியத்துக்குள் தொண்டை வறண்டுவிடும். பாடமெல்லாம் அதற்குப் பிறகு. மயிலாப்பூரில் வீடு வந்து சேரும்போது யாரோடும் பேசப் பிடிக்காது.

இரண்டாம் வருடம் ரெட்டினாஸ்கோப் பழகினோம். கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அடித்து, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கும் கைக்கருவி. இருவர் இருவராக ஒருவர் கண்ணை மற்றவர் பார்க்க வேண்டும். என் ஜோடி ராயப்பேட்டைக்காரி. வீட்டில் உருது, எங்களிடம் மெட்ராஸ் தமிழ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றுவாள்.

அன்று அவள் வலது கண்ணில் ஒளி கத்தரிக்கோல் போலப் பிரிந்து பிரிந்து சேர்ந்தது. என் கைதான் சரியில்லை என்று மூன்று முறை பார்த்தேன்.

"இன்னாடி, இவ்ளோ நேரம் பாத்துக்கினு கீற? கூசுதுடி."

"கொஞ்சம் இரு. எனக்குச் சரியா வரல."

ஒளி இப்படிப் பிரிவது, கருவிழி கூம்பாகிக்கொண்டே போகும் நோயின் அடையாளம் என்று முந்தின வாரம்தான் படித்திருந்தோம். ஆசிரியையைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். அவளும் அதே பாடத்தைப் படித்தவள்தானே.

"எனக்கா அது?" என்றாள். தலையாட்டினேன்.

"ஊட்ல சொல்லிடாதடி. படிச்சது போதும்னுடுவாங்க."

சொல்லவில்லை. ஆனால் கண் மங்கலால் அவள் தடுமாறியபோதெல்லாம் அவளுடைய நோயாளிகளும் என் வரிசையில் வந்து நின்றார்கள். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள், "உன் வேலையையும் நானேதான் செய்யணுமா?" என்று கத்திவிட்டேன்.

மறுவாரம் அந்த நோய்க்கென்று கொடுக்கும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். பழகாத கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அவள் முன்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மா பயந்துபோய், "ஏம்மா அழுவுற?" என்றார்.

"அழுவல பெரிம்மா, கண்ணுல லென்ஸ் கீது. நீ மேல பாரு."

அன்று அவளுடைய வரிசையை அவளே முடித்தாள். பட்டமும் வாங்கினாள், அசோக் நகரில் ஒரு கண் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நேரம் இருந்தது, அந்த நாட்களில் தெம்புதான் இல்லை.