அப்பா கேட்ட சத்தம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் என்ற முறையில் என் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் இறந்தவரின் நற்குணங்களை எழுதுவது வழக்கம். நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அப்பாவின் மிகப் பெரிய நற்குணத்தை எழுத வேண்டுமென்றால் நான் செய்த குற்றத்தையும் எழுதியாக வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதுவதென்றால் அண்ணனே எழுதியிருக்கலாம். கையெழுத்தும் அவருக்குத்தான் நன்றாக இருக்கும்.

அப்பா பிறந்தது வில்லியனூர். தாத்தா மில் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று ஆனபிறகு, அப்பா லாரி ஷெட் ஒன்றில் சேர்ந்து ஸ்பானர் பிடித்தார். முப்பது வயதில் மூலக்குளம் போகிற வழியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டார். ஜீப் என்றால் அப்பாதான். வண்டியைத் திறந்து பார்க்கும் முன் ஓடவிட்டுக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, யாராவது பேசினால் கையை ஓங்கிவிடுவார். அம்மா உயிரோடு இருந்தவரை, "உங்கப்பா எம்பேச்ச மட்டுந்தான் கேக்க மாட்டாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் சொல்லித்தான் அப்பாவும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, கடைசிவரை கிரீஸ் கையோடுதான் இருந்தார். அண்ணன் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எழுபதுகளில் பிரான்சுக்குப் போனார். கூடவே போனவர் அவருடைய சிநேகிதர் அமல்ராஜ், மூலக்குளம் மத்லேன் அம்மாவின் ஒரே மகன். இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மலை மேல் இருக்கிற சின்ன ஊர். வருடத்தில் ஐந்து மாதம் வெண்பனி.

பனி என்றால் அப்பாவுக்குத் தெரிந்தது மார்கழிக் காலையில் ஜீப் கண்ணாடியில் படிகிற ஈரம்தான். அப்படியிருக்க, கார் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று அண்ணன் கேட்டு எழுதினார். நான்கு சக்கரமும் இழுக்கிற கார் இல்லாமல் அங்கே குளிர்காலத்தில் வேலைக்குப் போக முடியாதாம். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பழைய ஜீப் டயர்கள் இரண்டை எடுத்துக்கொண்டு மீன் ஏற்றுகிற இடத்து ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார். உடைத்த ஐஸைத் தரையில் கொட்டச் சொல்லி, அதன்மேல் டயரை உருட்டியும் அழுத்தியும் இழுத்தும் பார்த்தார். மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பி வந்து என்னை எழுத உட்கார வைத்தார்.

உயரமான ஜீப் வேண்டாம், சரிவில் கவிழும். தாழ்வாக, நீளமாக இருக்கிற காரையே வாங்கு. நான்கு டயரும் ஒரே ஜாதி, ஒரே வயசு, ஒரே தேய்மானமாக இருக்கட்டும். பனி இல்லாத ரோட்டில் முன் சக்கரத்துக்கான லீவரை எடுத்துவிடு, இல்லையென்றால் உள்ளே இருக்கிற பல் சக்கரங்கள் ஒன்றையொன்று தின்னும். கடைசியாக இப்படி எழுதச் சொன்னார்: "நாலு சக்கரம் இழுக்கறது போறதுக்குத்தான். நிக்கறதுக்கு அது ஒதவாது. ஐஸ்ல பாத்துட்டேன்." அண்ணன் அப்பா சொன்ன காரைத்தான் வாங்கினார். மற்றதை எல்லாம் மறந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் அண்ணனிடமிருந்து ஒரு கேசட் வந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்புவார்கள். அண்ணன் ரெக்கார்டரைக் காருக்குள் வைத்து, ஓட்டிக்கொண்டே பேசியிருந்தார்.

"அப்பா, கேக்குதா? நாலும் இழுக்குது. லீவர நான் எடுக்கறதே இல்ல, எப்பவும் போட்டே வெச்சிக்கிறேன். பின்னாடி டயர் ரெண்டும் தேஞ்சிபோச்சி, அது ரெண்ட மட்டும் புதுசா மாத்திட்டேன். இந்தக் கிறிஸ்துமசுக்கு மலைக்கு அந்தாண்ட நம்மூர்க்காரங்க வூட்டுக்குப் போறோம்."

பின்னால் இன்னொரு குரல் சிரித்தது. "அப்பா, திரும்பி வரச்சே நாந்தான் ஓட்டுவேன்!" அது அமல்ராஜ். அவரும் எங்கள் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணனின் குரல் வந்த மகிழ்ச்சியில் நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா கேசட்டை நிறுத்தினார். பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். அண்ணன் பேச்சுக்கு அடியில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. வேகம் கூடினால் முனகலும் கூடியது. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது டக் என்று ஒரு இடி. அப்பா அதை ஏழெட்டு முறை கேட்டார்.

"செஞ்சி பக்கம் ஒரு ஜீப்பு இப்படித்தான் மொனகிச்சி," என்றார். "உள்ள இறுகி, ஓடிக்கிட்டிருக்கச்சே நாலு சக்கரமும் கட்டிப்போட்டாப்பல நின்னுபோச்சி. தார் ரோடு, ஆளுங்க பொழச்சாங்க. அந்த ஊர்ல ஐஸ்தானே?"

உடனே கடிதம் போட்டோம். பதில் வர மூன்று வாரம் ஆனது. "இங்கே மெக்கானிக்கிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்கிறார். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து கேசட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள்" என்று கேலியாக எழுதியிருந்தார். கூடவே இன்னொரு கேசட். அதில் முனகல் இன்னும் பலமாகக் கேட்டது. அண்ணன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. கிறிஸ்துமசுக்குப் பதினோரு நாள் இருந்தது.

கடிதம் போய்ச் சேராது. சேர்ந்தாலும் அண்ணன் கேட்க மாட்டார். வாழ்நாளில் பொய் சொல்லாத அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, தந்தி குடுக்கணும்," என்றார். தந்தி ஆபீசில் நான்தான் படிவத்தை எழுதினேன். ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி. எழுதி முடித்ததும் அப்பா கையை வைத்து மறித்தார்.

"இன்னொண்ணு போடு. கார யாருகிட்டயும் குடுக்காதன்னு."

அதையும் மூன்றாவது வரியாக எழுதிவிட்டுத்தான் யோசித்தேன்.

"சாகக் கெடக்கற ஆளு காரப் பத்தி பேசுவாராப்பா? பொய்னு அப்பவே தெரிஞ்சிடும். அப்பறம் வரவே மாட்டாரு."

"அந்த அமல்ராஜ் புள்ள எடுத்துச்சின்னா?"

"அவரு ஏம்ப்பா எடுக்கறாரு?"

அந்த மூன்றாவது வரியை நான்தான் கோடு போட்டு அடித்தேன். அப்பா சற்று நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரி என்று தலையசைத்தார். படித்த பெண் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்.

ஐந்தாம் நாள் காலை, சென்னையிலிருந்து டாக்ஸி பிடித்து அண்ணன் ஷெட் வாசலில் வந்து இறங்கினார். அப்பா ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். உயிரோடு வெளியே வந்தவரைப் பார்த்து அண்ணன் முதலில் அழுதார், பிறகு கத்தினார்.

"காரு எங்க?" என்றுதான் அப்பா கேட்டார்.

"அமல்ராஜ்கிட்ட. ஏர்போர்ட்டுக்கு என்னக் கொண்டாந்து உட்டதே அவந்தான். கிறிஸ்துமசுக்கு எடுத்துக்கடான்னு சாவியக் குடுத்துட்டேன்."

அப்பா கிரீஸ் கையோடே தந்தி ஆபீசுக்கு நடந்தார்.

பிரான்சுக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். அன்று முழுவதும் இணைப்புக் கிடைக்கவில்லை. மறுநாள் பகலில் கிடைத்தபோது தொழிற்சாலையில் யாரோ ஒருவர் எடுத்தார். அண்ணன் பிரெஞ்சில் கேட்டார், கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அமல்ராஜ் லீவு போட்டுவிட்டு அன்று காலையில்தான் மலைக்கு அந்தப் பக்கம் புறப்பட்டிருந்தார். மூன்றாம் நாள் மூலக்குளத்துக்கு அமல்ராஜின் சாவுத் தந்தி வந்தது. இறக்கத்தில் சக்கரங்கள் ஒரே நேரத்தில் இறுகி, கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அப்பா கேட்டது கேட்டபடியே நடந்தது.

அண்ணன் பிரான்சுக்குத் திரும்பும் முன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார். "பொய் சொல்லத் தெரிஞ்சிது. காரத் தொடாதன்னு ஒரு வார்த்த போடத் தெரிலயா ஒங்களுக்கு?"

காப்பி டம்ளரோடு நான் அதே அறையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தோணலடா," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயது, பயம். அண்ணன் இரண்டு ஆண்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அப்பா அதன்பிறகு ஒருமுறைகூட அந்தத் தந்தியைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. "நீ அடிச்ச கோடு" என்று ஒரு கோபத்தில்கூடச் சொன்னதில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா நேரே மத்லேன் அம்மா வீட்டுக்குப் போவார். ஓடு மாற்றுவார், மோட்டார் பார்ப்பார், ஒன்றும் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தது தாம்தான் என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தார். தந்தி விஷயம் என் குற்றம் என்பதால் அதைச் சொல்லவில்லை.

போன ஆண்டு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அப்பாவுக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி இருந்தது. அண்ணன் வந்து கூடவே இருந்தார். மத்லேன் அம்மா தினமும் கஞ்சி கொண்டுவந்து தம் கையால் ஊட்டினார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான், இந்த மனுசன் என்னைப் பாத்துக்கினாரு," என்று நர்சுகளிடம் சொல்வார். கடைசிக்கு முந்தின நாள் அப்பா அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்கினார். கட்டிலின் அந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சாகும்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடக்கத்துக்கு ஓடி வந்து நின்ற ஜீப் டிரைவர்களுக்கும், ஷெட்டை இன்றும் நடத்துகிற தொழிலாளர்களுக்கும், பங்குத் தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனுக்கு இதை முன்கூட்டியே எழுதிவிட்டேன். அச்சில் போட வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்று பதில் எழுதினார். இத்தனை நாள் நமக்குள் இருந்ததுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது.

மத்லேன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் திருப்பலிக்கு முதல் நாள் நான் மூலக்குளம் போய், இந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். அப்பாவின் பூசைகளில் அவர் உட்காருவது கோயிலில் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சு. இதைப் படிக்கிறவர்கள் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பாருங்கள். அவர் அங்கே இல்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு யாரும் தயவுசெய்து அவர் வீட்டுக்குப் போக வேண்டாம்.