மூன்று வயது முடிவதற்குள்

வெளிநாட்டுக் கார் கொண்டுவரும் தொழிலில், கார் கப்பலிலிருந்து இறங்குவது பெண் பார்க்கிற மாதிரி. நம்பர் பிளேட் மாட்டுவதுதான் கல்யாணம். பிள்ளைக்குப் பாலர்பள்ளியில் இடம் பிடிக்கப் படிவம் படிவமாக நிரப்பியவர்களே, நீங்கள் எல்லாரும் என் ஜாதி. சிங்கப்பூர் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன இறக்குமதிக் கம்பெனியில் நான் காகிதம் பார்க்கிறவள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எந்தக் கார் இந்த ஊர் ரோட்டில் ஓடலாம், எது கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

எது தேதி, எது மாதம்

செல்வம் அண்ணன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் கான்ட்ராக்டர். இருபது வருஷம் லாரி ஓட்டியவருக்கு, ஐம்பது வயதில் ஆரஞ்சு நிற இத்தாலியக் கார்மேல் ஆசை வந்துவிட்டது. ஜப்பானில் ஒருவர் ஓட்டிய காரைத் தேடிப் பிடித்தோம். அங்கே பணக்காரர்கள் இந்த மாதிரிக் காரை இடது பக்க ஸ்டியரிங்கோடு வாங்குவதைத்தான் பெருமையாக நினைப்பார்களாம். நம் ஊருக்கு வலது பக்கம் வேண்டும். அது கிடைத்ததே பெரிய விஷயம்.

ஆனால் பழைய காருக்கு இங்கே ஒரு விதி உண்டு. வெளிநாட்டில் முதலில் பதிந்த நாளிலிருந்து மூன்று வயது முடிவதற்குள் இங்கே பதிந்துவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் திரும்பக் கப்பலேற்ற வேண்டியதுதான். விற்றவர் அனுப்பிய கடிதத்தில் 4.6.9 என்று இருந்தது. முதல் எண் ஜப்பான்காரர்கள் தங்கள் மன்னர் பதவியேற்றதிலிருந்து எண்ணும் வருஷக் கணக்கு என்று சரியாகப் பிடித்துவிட்டேன். அந்த மிதப்பில், மிச்சத்தை நம் வழக்கப்படி ஆறாம் தேதி, ஒன்பதாம் மாதம் என்று படித்துவிட்டேன். செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது என்று அண்ணனிடமும் சொல்லியாயிற்று.

காரோடு வந்த அசல் சான்றிதழில் மாதத்தை எழுத்திலேயே போட்டிருந்தார்கள். ஜூன் ஒன்பது. அன்று மே முப்பது. ஓடிப்போய் முதலாளி பாலா சாரிடம் காகிதத்தை நீட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷர், சத்தமே போட மாட்டார். இரண்டு தரம் படித்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், அழறதுன்னா டென்த் ஜூன் அழுங்க. இப்ப போனை எடுங்க."

திட்டுகிற கார்

மறுநாள் அண்ணன் பட்டறைக்கு வந்து காரில் உட்கார்ந்தார். பட்டனை அமுக்கியதும் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ கறாராகச் சொன்னது. அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே கறார். ஏதாவது உடைத்துவிட்டோமோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊர்ச் சாலைக் கட்டண அட்டையைச் செருகவில்லை என்று கருவி சொல்கிறது, அதைக் கழற்றிவிட்டு நம் ஊர்க் கருவி மாட்டப் போகிறோம் என்று விளக்கினேன். நாங்கள் ராத்திரி பகல் பார்க்காமல் பறப்பதை அவர் சுறுசுறுப்பு என்று நினைத்து வேறு பாராட்டினார். தேதி விஷயத்தை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இறங்கும்போது அந்தக் குரல் வந்த இடத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "கழட்டிடுங்கம்மா. என்ன தப்புன்னு சொல்லாமலே திட்டுறதுக்கு வீட்ல ஏற்கனவே ஆள் இருக்கு."

கட்டிலுக்கு அடியில்

அடுத்த இடி சைலன்சர். ஜப்பான்காரர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, இடி முழங்குகிற ஒன்றை மாட்டியிருந்தார். பதிவதற்கு முன் நடக்கும் சத்தப் பரிசோதனையில் தேறவே தேறாது. புதிதாக வரவழைக்க ஆறு வாரம். எங்களிடம் இருந்தது ஏழு நாள்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊரில் சைலன்சர் மாற்றுகிற யாரும் அசலைத் தூக்கிப் போட மாட்டார்கள். காரை விற்கும்போது வேண்டும் என்று பத்திரப்படுத்தி வைப்பார்கள். பழைய ஃபைல்களைப் புரட்டி அதே மாடல் வைத்திருப்பவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டேன். ஐந்தாவது ஆள் உட்லண்ட்ஸில் ஒரு பல் டாக்டர். விற்கலாமா என்று அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி போனை வாங்கிக்கொண்டார். போய்ப் பார்த்தால், போர்வை சுற்றிய சைலன்சர் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசலுக்கு வந்து தயாராகக் கிடக்கிறது. டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்க, அந்த அம்மா சொன்னார்: "எடுத்துட்டுப் போங்க லா. நாலு வருஷமா பெருக்கும்போதெல்லாம் கால்ல இடிக்குது. திருப்பிக் கொண்டு வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்."

யானைப் பாய்

ஜூன் ஆறு, பரிசோதனை. நிலையத்து நுழைவாயிலில் ஒரு சின்ன மேடு. நமக்கு மேடு, தரையோடு தரையாக இருக்கிற காருக்கு அது மலை. முந்தின நாள் பட்டறை வாசலிலேயே மூக்கு உரசப் பார்த்தது. பலகை போட்டால் வழுக்கியது. அதனால் சுவா சூ காங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து மகளின் ரப்பர் பாய்த் துண்டுகளைப் பையில் அடைத்து எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்திருந்தேன். யானை, முதலை, ஒட்டகச்சிவிங்கி படம் போட்டவை. பலகைக்கு அடியில் அவற்றைப் போட, பலகை அசையவில்லை. பாலா சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினார். உரசவில்லை.

அடிச்சட்ட எண், விளக்கு, புகை, சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சத்தம் அளக்கும்போது நான் என்னை அறியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன், ஏதோ நான்தான் உறுமுகிற மாதிரி. எல்லாம் தேறியது. பரிசோதித்த தமிழர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "நாலு நாள் லேட்டா வந்திருந்தா, போர்ட்ல நின்னு பை பை சொல்லியிருப்போம்."

அன்று மாலையே ஆன்லைனில் பதிந்தோம். திரையில் நம்பர் வந்ததும் நானும் பாலா சாரும் கைதட்டிய சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார்.

சாவி

செல்வம் அண்ணன் புதுச் சட்டையில், தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தோடு வந்தார். சாவியைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தேதியை நான் மாற்றிப் படித்ததிலிருந்து. பாலா சார் கூரையைப் பார்த்தார்.

அண்ணன் சாவியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ சரியாப் படிச்சிருந்தா நான் இதை வாங்கியே இருக்க மாட்டேன்மா. செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னதாலதானே கையெழுத்துப் போட்டேன்."

இந்தத் தொழிலில் கார் ஓடுவது கடைசி நாளன்று மட்டும்தான். அதுவரைக்கும் ஓடுவதெல்லாம் நாங்கள்தான்.