பரிமளா முட்டி போட்ட ஞாயிறு

பரிமளாவின் இரண்டு முட்டியும் தேய்ந்து போனதில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கழனிகளுக்கெல்லாம் பங்குண்டு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து சேற்றில் நின்று நாற்று நட்டவள். வலது முட்டி ரொம்ப மோசம். நாலடி நடந்தால் முகம் கோணிப்போகும். ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிறு சபையில் எல்லார் முன்னாலும் எழுந்து, "வலி போச்சின்னா இதே எடத்துல முட்டி போட்டு சாட்சி சொல்றேன் ஆண்டவரே" என்று பொருத்தனை பண்ணிவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும்.

அரசு ஆஸ்பத்திரியில் வலது முட்டியை மாற்றினார்கள். இடதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். முதல் மாதம் அழுதாள், மகள் ஷாரோனைத் திட்டினாள், திட்டிக்கொண்டே காலை மடக்கி நீட்டிப் பழகினாள். நாலைந்து மாதத்தில் பஸ் படி ஏறினாள். தழும்புக்குப் பக்கத்தில் தொட்டால் மரத்துக் கிடந்தது, நடந்தால் உள்ளே டொக்கென்றது. வலி மட்டும் இல்லை. நல்லாயிடுச்சா என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்கே விளங்கவில்லை.

செக்கப்புக்குப் போனபோது டாக்டர், "தரையில உக்காராதீங்க, முட்டி போடாதீங்க" என்றார்.

"முட்டி போடத்தானே சார் மாத்திக்கினேன்?"

நடக்கத்தான் மாற்றினோம் என்று அவர் சிரித்தார். வெளியே பயிற்சி கொடுக்கும் பெண்ணோ, கெட்டியாகத் துணி மடித்துப் போட்டு மெதுவாக முயற்சி செய்யலாம், சிலருக்கு முடிகிறது என்றாள். பாஸ்டர், "நாற்காலியில உக்காந்தே சொல்லுங்கம்மா, ஆண்டவர் இருதயத்தத்தான் பாக்கறாரு" என்றார். பெண்களெல்லாம் பாயில் உட்காரும் சபையில் தான் மட்டும் நாற்காலியிலா? பரிமளாவுக்குத் தலை சுற்றியது.

"ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் இன்னாதான் பண்றது?"

"நின்னுக்கினே சொல்லும்மா. யாரு கேக்கப் போறாங்க?" என்றாள் ஷாரோன்.

"முட்டி போடறேன்னு சொன்னது நான்தானேடி."

அந்த ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷாரோன் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். மாற்றிய காலை முன்னால் ஊன்றினாள். மாற்றாத இடது முட்டியை மடக்கித் தரையில் வைத்தாள். டாக்டர் பேச்சையும் தட்டவில்லை, ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை. இது அவளாகக் கண்டுபிடித்த வழி. உடம்பின் பாரமெல்லாம் அந்தத் தேய்ந்த முட்டியில் இறங்கியதும் உயிர் போய் வந்தது.

"வலி போயிடுச்சு" என்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "ஆண்டவர் என் வலிய எடுத்துட்டாரு."

சபையே உருகி அல்லேலூயா என்றது. பாயில் இருந்த பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஷாரோன் ஓடி வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பரிமளா மெல்லக் கேட்டாள்:

"இப்ப நான் சொன்னது சாட்சியாடி, பொய்யா?"