கோமாளிப் பூதத்தின் கோணல் வாய்

நாட்டிங்ஹாமில் டெரிக் செய்துகொண்டிருக்கும் கோமாளிப் பூதப் பொம்மைக்கு நண்பன் கிளிஃபின் முகம் என்று, குட்டிப் பொம்மைப் படைகளை மோதவிடும் போர்விளையாட்டு கிளப்பில் யாரோ சொன்னார்களாம். கேள்விப்பட்ட இன்னொரு கிளப் நண்பன் ரெக் நேரே டெரிக் வீட்டுக்கு வந்துவிட்டான்.

பொம்மை கட்டைவிரல் உயரம்தான். கடையில் வாங்கிய பூதத்தின் தலையை வெட்டியெறிந்துவிட்டு, மணி கட்டிய தொப்பியோடு புதுத் தலை ஒன்றைப் காய்ந்தால் கல்லாக இறுகும் பச்சைப் பசைமாவில் டெரிக் பிடித்துவைத்திருந்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து கிளிஃபுக்கு வாய் இடப்பக்கம் இழுத்திருக்கும். பூதத்துக்கும் அச்சு அசலாக அப்படியே இருந்தது.

"நமக்கு முப்பது வருஷ சிநேகிதன்டா கிளிஃப். வேற தலை செய்."

"மாவு இறுகிப்போச்சுப்பா. சனிக்கிழமை பொம்மைப் போட்டி."

"இறுக ஒரு மணி நேரமாச்சும் ஆகியிருக்குமே. அப்ப கை என்ன பண்ணுச்சு?"

"வாயை நேராவும் வச்சுப் பாத்தேன். ஒருத்தனுக்கும் சிரிப்பு வராது. இந்த வாய்க்குத்தான் பரிசு."

"நல்லா இருப்பே" என்று ரெக் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மேசைமேல் கைபேசி அடித்தது. கிளிஃப்தான். எடுத்தால், அது நான்தானா என்று குழறிக் கேட்பான். டெரிக் மெல்லிய தூரிகையை எடுத்து, கைபேசி அடிக்க அடிக்க, பூதத்தின் உதட்டோரத்தில் எச்சில் வழிவதுபோலப் பளபளப்பு ஏற்றத் தொடங்கினான்.