சவரியின் கால்விரல்

உலகச் சண்டை முடிந்த வருஷம். ஊர் ஊராய் நடந்த கோல்ஃப் பந்தயங்களில் கடைசி ஆட்டம் தூத்துக்குடியில். ஒரு துரைக்கு மட்டைப் பை சுமப்பவனாக எல்லா ஊருக்கும் போயிருந்தேன். எதிர்த்து ஆடிய துரைக்குப் பை சுமந்தவன் வேம்பார் சவரி. முத்துக் குளித்தவன். கல் கட்டிய கயிற்றைக் கால்விரலால் கவ்விக் கடலில் இறங்குகிறவனுக்கு ஒரு பந்தை நகர்த்தத் தெரியாதா? ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் பாதத்தை விட்டு என் கண் அகலவில்லை.

கடைசிக் குழிக்கு எங்கள் துரை அடித்த பந்து உடைமரங்களுக்குள் விழுந்தது. சவரி எனக்கு முன்னே ஓடினான். போய்ப் பார்த்தால், பந்தின் மேல் காலை வைத்து நிற்கிறான். மணலுக்குள் அமுக்குகிறான்!

“ஏலே களவாணி, காலை எடுல!” என்று தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவன் கால் விலகியதும் கிளையிலிருந்து ஒரு காக்கை பாய்ந்தது. சவரி மண்டியிட்டுப் பந்தைக் கையால் பொத்தினான். கொத்து அவன் கையில் விழுந்தது.

“முட்டைன்னு நெனச்சுத் தூக்க வருது அண்ணாச்சி. பந்து தொலைஞ்சா உங்க தொர தோத்துருவாருல்லா?”

பந்து மணல்மேல் அமுங்காமல் கிடந்தது. அவன் புறங்கையில் ரத்தம்.

முந்தின ஊரில் எதிராளியின் பந்தை மணலில் அமுக்கியது என் கால். அதை அவனிடம் நான் சொல்லவில்லை. இன்றும் யார்மேலாவது சந்தேகம் வந்தால், முதலில் குனிந்து என் காலைத்தான் பார்க்கிறேன்.