பன்றி வேட்டைக்கு ஒரு ஜோடி சப்பாத்து

என் அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட்டில் அவரும் அண்ணியும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். வாரம் முழுக்க நாற்காலியை விட்டு நகராத மனிதர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடிவதற்கு முன்பே எனக்கு போன் போட்டுவிடுவார். இரண்டு பேரும் கடல் பாலத்தைத் தாண்டி தாசேக் கெலுகோர் பக்கம் போவோம். லாரி ஓட்டிய காலத்தில் பழக்கமான இரண்டு சீனக் கூட்டாளிகள் அங்கே நாய்களோடு காத்திருப்பார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் புதிதாக நட்ட கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டிப் போட்டுவிடும். தோட்டக்காரர்கள் இவர்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அண்ணனுக்கு லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. எனக்கு அதில் ஆசை கிடையாது. காடி ஓட்டுவதும் தண்ணீர்ப் பையைச் சுமப்பதும் என் வேலை. வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையின் ஏர்கான் குளிரில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் காலை வெயில் போதுமாக இருந்தது.

அண்ணிக்கு இந்த வேட்டையே பிடிக்காது. அதைவிடப் பிடிக்காதது அதற்கு அண்ணன் செய்யும் செலவு. ஒரு முறை தலையில் மாட்டுகிற நல்ல டார்ச் லைட் ஒன்றை வாங்கி வந்துவிட்டு, அதற்காக ஒரு வாரம் பேச்சு வாங்கினார். அதற்குப் பிறகு எது வாங்கினாலும் மலிவாகத்தான் வாங்குவார். மழைக்கோட்டு தையல் விட்டு ஒழுகும். பை வார் அறுந்து, அதில் சுருக்கு போட்டிருப்பார்.

போன வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படி ஏறினால் நின்று நின்று ஏறினார். சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்கிவிடும். பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவரை நெஞ்சுப் படம் எடுக்க உள்ளே கூட்டிப்போன நேரத்தில் டாக்டர் என்னையும் அண்ணியையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். இதயம் ரொம்ப பலவீனமாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது, மருந்தால் கொஞ்ச காலம் இழுக்கலாம், ஒரு வருஷம் என்றால் அதுவே அதிகம் என்றார். வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டேன். மெதுவாக நடக்கட்டும், அவருக்குப் பிடித்ததைச் செய்யட்டும் என்றார். கூடாது என்று சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அண்ணனிடம், உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை தவறக்கூடாது என்று மட்டும் சொன்னோம். அவரும் சரி என்று கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய பூட்ஸின் அடிப்பாகம் சேற்றில் கழன்று போனது. புதுசு வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பதே அவருக்குப் பெரிய யோசனையாகிவிட்டது. நாள் முழுக்க போனில் பூட்ஸ் வீடியோவாகப் பார்த்தார். வெளிநாட்டு பூட்ஸ், முழங்கால் வரைக்கும் வரும், தண்ணீர் புகாது, பாம்புப் பல் இறங்காது. இல்லையென்றால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற ரப்பர் சப்பாத்து. மலிவாக வாங்கினால் ஆறு மாசத்தில் கிழியும், வருஷத்துக்கு இரண்டு ஜோடி வாங்கணும், நல்லதாக ஒன்று வாங்கிவிட்டால் அப்புறம் அந்தப் பேச்சே இல்லை என்று எனக்கு விளக்குவார். அவர் வருஷக் கணக்கு சொல்லச் சொல்ல நான் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை டவுனுக்குக் கிளம்பினோம். அண்ணன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி வாசலுக்கு வந்தார்.

"விலையைப் பாக்காதீங்க. நல்லதாவே வாங்கிக்குங்க."

அண்ணனின் கை பொத்தானிலேயே நின்றது. பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.

டவுனில் நாங்கள் போன கடையில் முன்னால் தூண்டில்கள் தொங்கும். உள்ளே போகப் போகத்தான் வேட்டைச் சாமான். கடை முதலாளியான வயதான தவுக்கே முதலில் விலை உயர்ந்த பூட்ஸைத்தான் எடுத்து வைத்தார். இது பத்து வருஷம் தாங்கும் என்று மலாயில் சொன்னார். அண்ணன் எப்போதும் போடுகிற அளவைச் சொன்னார். கால் நுழையவில்லை. அதற்கு அடுத்த அளவும் பற்றவில்லை. காலுறையைக் கழற்றியபோது அதன் விளிம்பு சதையில் பள்ளமாகப் பதிந்திருந்தது. தவுக்கே அதைப் பார்த்துவிட்டு இன்னும் பெரியதாக ஒரு ஜோடி கொண்டுவந்தார்.

அது நுழைந்தது. அண்ணன் எழுந்து கடைக்குள்ளேயே நடந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் அது போய்விட்டது. தவுக்கே வேறு ஆளைக் கவனிக்கப் போயிருந்தார்.

"தம்பி, கல்யாணமானதிலிருந்து ஒரு தடவையாச்சும் உங்க அண்ணி என்னைய நல்லதா வாங்கிக்கன்னு சொல்லியிருக்காளா?"

நான் குனிந்து அவர் கழற்றிப் போட்ட காலுறையை எடுத்தேன்.

"டாக்டர் உங்ககிட்ட வேற என்னமோ சொல்லியிருக்காரு."

நான் அந்த பூட்ஸின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எவ்வளவு காலம்னு சொன்னாரா?"

"உறுதியா சொல்ல முடியாதுன்னுட்டாருண்ணே."

அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். குனிந்ததற்கே மூச்சு வாங்கியது, ஆனால் என்னைத் தொடவிடவில்லை. கழற்றிய இரண்டையும் சேர்த்து வைத்து, முன்பக்கம் பட்டிருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு தவுக்கேயைக் கூப்பிட்டு ரப்பர் சப்பாத்தை எடுத்துத் தரச் சொன்னார். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது மழை. ஆயர் ஈத்தாம் சாலையில் காடிகள் நகரவில்லை. அண்ணன், தனக்குத் தெரியும் என்பதை அண்ணியிடம் சொல்லக்கூடாது, தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள் என்றார். சரி என்றேன்.

வீட்டில் அண்ணி பையைத் திறந்து பார்த்தார். ஏன் இதை வாங்கினீர்கள் என்று கேட்டார்.

"அது கனமா இருக்குலா. இதுதான் லேசு."

அண்ணி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் தங்களுக்கு ஒன்றும் தெரியாத மாதிரியே ஒருவர் முன்னால் ஒருவர் இருந்தார்கள்.

அதன் பிறகும் சில ஞாயிறு போனோம். கடைசியாகப் போனபோது அவரால் தோட்டத்துக்குள் நடக்க முடியவில்லை. மண்பாதை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தேன். கூட்டாளிகள் நாய்களோடு உள்ளே போனார்கள். முந்தின நாள் மழையில் பாதையெல்லாம் தண்ணீர், சப்பாத்துக்குள் இறங்கி அவர் கால் ஊறிப்போயிருந்தது. கழற்றி, என் துண்டால் துடைத்துவிட்டேன். அண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"முதல் வெடி தப்பிடுச்சு," என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார், பக்கத்தில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். சீனக் கூட்டாளிகள் இருவரும் வந்து, உடலை எடுக்கும் வரைக்கும் கீழே கார் நிறுத்தும் இடத்திலேயே நின்றார்கள். துப்பாக்கியை நானும் அண்ணியும் போலீசில் ஒப்படைத்தோம்.

வெளியே வந்து காடியில் ஏறியதும் அண்ணி, "அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார். அண்ணனே போன பிறகு எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. கடையில் நடந்ததைச் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் வழக்கம்போல திட்டியே அனுப்பியிருக்கலாம்," என்றார்.

அப்படிச் சொல்லாதீங்க அண்ணி என்று சொன்னேன். ஆனால் அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் கூட்டாளிகளில் ஒருவர் போன் செய்தார். பன்றி மறுபடியும் வந்திருக்கிறதாம், சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்றார். வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. விழிப்பு மட்டும் அதே நேரத்துக்கு வந்துவிடுகிறது. வெளிச்சம் வரும்வரை கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.